சோளமணியின் இரண்டாவது கோடு

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் மாடிப்படித் திருப்பத்தில், தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கழிப்பறைக் கதவுக்கு வெளியே என்று இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ தடவை காதில் விழுந்துவிட்டது. கோபம் வந்த காலமெல்லாம் போயாயிற்று. சந்தைக்கு வரக் காத்திருக்கும் புது உணவுப்பொருள்கள் தின்னத் தகுந்தவைதானா என்று ஆராய்ந்து சொல்லும் அரசு ஆணையத்தில் அவள் மூத்த மதிப்பீட்டாளர். பார்ப்பதுதான் வேலை. பார்க்கிறவளைப் பூதக்கண்ணாடி என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த வருஷம் அவள் மேசைக்கு வந்தது மரபணு மாற்றிய மக்காச்சோளம். பதினொரு பெட்டி நிறைய ஆவணங்கள். கணினியிலும் அனுப்பியிருந்தார்கள், ஆனால் தாளில் படித்தால்தான் அவளுக்குப் படித்த மாதிரி இருக்கும். சோளக் குருத்துக்குள் புகுந்து குடைந்து தின்னும் ஒரு புழு நாலைந்து வருஷமாக விவசாயிகளை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது. மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவிலிருந்து மரபணு ஒன்றை எடுத்துச் சோளத்துக்குள் வைத்திருந்தார்கள். அது செடியில் ஒரு புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதம் புழுவின் குடலைக் கிழித்துவிடும். புழு சாகும், மனிதனுக்கு ஒன்றும் ஆகாது என்றது அதை உருவாக்கிய விதை நிறுவனம். ஆகாதுதானா என்று பார்ப்பது அவள் பாடு.

முதல் வேலையாக ஒரு படிவத்தை நிரப்பினாள். இந்த விண்ணப்பத்தால் நன்மையோ தீமையோ அடையக்கூடிய உறவினர் உண்டா என்று கேட்கும் படிவம். ‘உடன்பிறந்த தம்பி. ஒன்பது ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறான்’ என்று எழுதி இயக்குநரிடம் நீட்டினாள்.

இயக்குநர் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. மேசை மேல் மாத்திரை டப்பா, பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி. யாரையும் கடிந்து பேசாத மனுஷர்.

“இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? யாருக்குத்தான் சோளம் போடற சொந்தக்காரங்க இல்ல? எங்க சித்தப்பாவே போடறாரு.”

“இருந்தாலும் ஃபைல்ல இருக்கட்டும் சார்.”

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

நூற்றெண்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவள் அறையில் இருந்த ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகளைப் பார்த்தபடி இருந்தது. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மதியத்துக்குள் கழுத்து மரத்துப்போகும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கூரையில் ஓடும் விளக்குக் குழாய்களை எண்ணிவிட்டு மறுபடி குனிவாள். எலிகளுக்குத் தொண்ணூறு நாள் சோளம் கொடுத்துப் பார்த்த அறிக்கை, எலியின் கல்லீரல் எடை, சாதாரணச் சோளத்தோடு ஒப்பிட்ட சத்துக் கணக்கு. எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பொதுமக்கள் அனுப்பிய கருத்துகள் தனியாக நாலாயிரத்துச் சொச்சம். அதில் மூவாயிரத்துக்கு மேல் ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு. அதையும் ஒன்று விடாமல் புரட்டினாள். ஒன்றில் யாரோ ஒரு குழந்தை கிறுக்கியிருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் வைத்தாள்.

“உனக்கு வேற வேலை இல்லயா?” என்று வீட்டில் கணவர் கேட்டார். அவர் மூட்டுவலியால் தபால் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டுச் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர்.

“இதான் வேலை” என்றாள்.

ஏழாவது பெட்டியில்தான் அந்தப் படம் கிடைத்தது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் படம் அது. கனமான புரதம் மேலே கோடாக நிற்கும், லேசானது கீழே இறங்கும். மக்கள் தின்னும் சோளமணியில் அந்தப் புதுப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்காக எடுத்து, பின்னிணைப்பில் எங்கேயோ சொருகியிருந்தார்கள். நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அதுதான் எதிர்பார்த்த புரதம். அதற்குச் சற்று மேலே, ஈரக் கையால் தொட்ட மாதிரி, மங்கலாக இன்னொரு கோடு.

தாளில் அழுக்கோ என்று விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு இருந்தது.

அவள் பழைய பெட்டிகளுக்குத் திரும்பினாள். ஒவ்வாமை வருமா, இரைப்பை நீரில் எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்ற சோதனைகளை எல்லாம் நிறுவனம் செய்தது சோளத்திலிருந்து எடுத்த புரதத்தை வைத்தல்ல. சோளத்திலிருந்து அவ்வளவு எடுப்பது கஷ்டம்; ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை வளர்த்து அதிலேயே உண்டாக்கியிருந்தார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்திருந்தார்கள். சோளத்தின் இலையை எடுத்து நிரூபித்திருந்தார்கள்.

இலையை யார் தின்கிறார்கள்?

மணியில் மட்டும் அந்தப் புரதத்தின் மேல் ஏதோ ஒட்டிக்கொண்டு கனமாகியிருந்தால் அது சர்க்கரை மூலக்கூறாக இருக்கலாம். அப்படி ஒட்டினால் சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துத் தடித்துப்போகலாம், மூச்சுத் திணறலாம். ஒன்றுமே ஆகாமலும் போகலாம். எந்தச் சோதனையும் அந்த மங்கல் கோட்டைத் தொடவே இல்லை என்பது மட்டும்தான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்தாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரும் வயதில்லை. அடக் கடவுளே, இனி இதற்கு எத்தனை கடிதம், எத்தனை கூட்டம் என்றுதான் தோன்றியது.

நாலு நாள் கழித்துக் கூட்டம் நடந்தது. நிறுவனத்தின் விஞ்ஞானி அவள் வயதுக்காரர். ஒல்லியாக, வெந்நீர்க் குடுவையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். படத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அம்மா, நாலாயிரம் பக்கத்துல ஒரு நிழல். இதுக்காகவா?”

“நிழல்தான் சார். எதோட நிழல்னு சொல்லிடுங்க, போதும்.”

“படம் எடுக்கும்போது சில சமயம் இப்படி விழும். உங்களுக்குத் தெரியாததா?”

“விழும். அது அப்படி விழுந்ததுதான்னு காட்டுற தாள் எதுவும் பதினொரு பெட்டியிலயும் இல்ல.”

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “பன்னெண்டு வருஷம்மா. என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்தப்போ ஆரம்பிச்ச வேலை. இப்போ அவ காலேஜுக்குப் போறா.” அதில் மிரட்டல் எதுவும் இல்லை. சோர்வுதான் இருந்தது. அந்தச் சோர்வு அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

அவர் போனபிறகு இயக்குநர் கதவைச் சாத்தினார். “இதை நிபந்தனையாப் போட்டு அனுமதி குடுத்துடலாமா? விதை வித்துக்கிட்டிருக்கும்போதே அவங்க சோதனை பண்ணிக் குடுக்கட்டும். விதைப்பு நெருங்குது. மேலயிருந்து தினம் ஃபோன் வருது.”

“தின்ன பிறகு சோதனையா சார்?”

“எனக்கு மட்டும் இஷ்டமா?” அவர் ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார். “எழுதுங்க. நாள் கணக்கை நிறுத்தி வைக்கிறேன். ஆனா எழுதறது நீங்க. உங்க பேருலதான் போகும்.”

“என் பேருலயே போகட்டும்.”

கடிதம் போன ஒன்பதாம் நாள் அது தொலைக்காட்சியில் வந்தது. யார் வெளியே விட்டார்களோ தெரியாது. ‘கூடுதல் தகவல் தேவைப்படுகிறது’ என்று அவள் எழுதியிருந்தது ‘ஆபத்தான சோளம், அதிகாரி அதிர்ச்சி’ என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. அவள் அதிர்ச்சி அடைந்து வருஷக்கணக்காயிற்று. மறுநாள் ஆணைய வாசலில் அட்டை பிடித்து நின்ற கூட்டம் அவளைக் கண்டதும் கைதட்டியது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும் மேடம்.”

“அம்மா, நான் ஆபத்துன்னு சொல்லல. எனக்குத் தெரியலன்னு சொல்லியிருக்கேன்.”

“அதைச் சொல்லத்தானே தைரியம் வேணும்!”

கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மதியமே தம்பி கூப்பிட்டான். “அக்கா, டிவில சொல்றது உன்னயா?” என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றாள். வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து அவன் வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி, “வாங்க அண்ணி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. தம்பி வயலில் இருந்தான். முதுகில் மருந்துத் தெளிப்பான், முகத்தில் பழைய துணி. அவளைப் பார்த்ததும் துணியைக் கழற்றவில்லை. பக்கத்தில் இருந்த செடியின் குருத்தைப் பிளந்து காட்டினான். உள்ளே மரத்தூள் மாதிரிப் புழுவின் எச்சம். அதற்கு நடுவே கொழுத்த ஒரு புழு, எனக்கென்ன என்று கிடந்தது.

“இந்தப் போகத்துக்கு இது ஆறாவது தடவை மருந்து. அடிச்சா ரெண்டு நாள் படுத்துக் கெடக்கும். மூணாம் நாள் எழுந்து திங்க ஆரம்பிச்சுடும்.”

“கைக்கு உறை போடலயா?”

“கிழிஞ்சு போச்சு.” விரித்துக் காட்டினான். விரல் நுனியெல்லாம் தோலுரிந்து சிவந்திருந்தது. “நீ அங்க உக்காந்துக்கிட்டு அந்தச் சோளம் ஆபத்தான்னு பாக்குறியே, நான் அடிக்கிறது என்ன பன்னீரா? இதைத் திங்கறவனுக்கு ஒண்ணும் ஆகாதா?”

மருந்தின் பாதுகாப்பு வேறு துறை, வேறு கட்டடம், வேறு மாடி. அதைச் சொன்னால் அவன் சிரிப்பான் என்று தெரியும். இருந்தாலும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

“எவ்வளவு நாள்க்கா ஆகும்?”

“அவங்க சோதனை செஞ்சு குடுக்கணும். ஏழெட்டு மாசம்.”

“ஏழெட்டு மாசம்.” தெளிப்பானின் பிடியை மேலும் கீழும் அடித்துக் காற்றை ஏற்றினான். “அதுக்குள்ள ஒரு விதைப்பு போயிடும். எனக்குச் சொல்லு, அதுல ஏதாவது இருக்குன்னு உனக்குத் தோணுதா? உன் மனசுக்கு?”

“மனசுக்குத் தோணுறதை வெச்சு எழுத முடியாதுடா.”

“எழுத வேணாம். என்கிட்ட சொல்லு.”

அவள் பொய் சொல்லியிருக்கலாம். “பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது” என்றாள்.

அவன் துணியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தான். பிறகு துணியைக் கட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். அவள் வரப்பில் சற்று நேரம் நின்றாள். மருந்து நெடியில் தொண்டை கமறியது. சாப்பிடாமலே திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு, சோதனை நடந்த எட்டு மாதமும் அவன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவர் கூப்பிட்டால் எடுப்பான். “நல்லாருக்கேன் மாமா, எல்லாரும் நல்லாருக்கோம்” என்பான், அவளிடம் கொடுக்கட்டுமா என்று கேட்பதற்குள் மாடு கத்துகிறது, மோட்டார் நிற்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துவிடுவான். விதைப்புக் காலம் வந்தது, போனது. மற்ற கோப்புகள் வந்தன. குழந்தைகளுக்கான பால்மாவு, ஏதோ ஒரு நிறமூட்டி, கடற்பாசி எண்ணெய். இயக்குநர் மேலிடத்துத் தொலைபேசிக்கு, “வந்துக்கிட்டிருக்கு சார், வந்துக்கிட்டிருக்கு” என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அவளுக்கு மட்டும் அடிக்கடி ஒரு நினைப்பு வரும்: அந்தக் கோடு கெட்டதாகவே இருந்துவிட்டால் நல்லது. தம்பியிடம் போய், பார்த்தாயா என்று சொல்லலாம். அடுத்த கணமே, எவ்வளவு கேவலமான ஆசை என்று தன் மேலேயே வெறுப்பு வரும்.

முடிவுகள் ஒரே ஒரு பெட்டியில் வந்தன. நிறுவனம் வேலையில் குறை வைக்கவில்லை. மணியிலிருந்தே புரதத்தைப் பிரித்தெடுத்திருந்தார்கள். மங்கல் கோடு படப்பிழை அல்ல. அவள் நினைத்தபடியே சர்க்கரை ஒட்டிய புரதம்தான். அதைச் செயற்கை இரைப்பை நீரில் போட்டார்கள்; அரை நிமிஷத்தில் கரைந்து காணாமல் போனது. ஒவ்வாமை உள்ள அறுபது பேருடைய ரத்தத்தின் நீர்ப்பகுதியோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட அதைச் சீண்டவில்லை.

அவள் மூன்று முறை படித்தாள். திருப்தியில்லாமல், சோதனை நடந்த ஆய்வுக்கூடத்துக்கே போய், மூலப் படங்களை விளக்குப் பலகையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விஞ்ஞானியும் வந்திருந்தார். அவள் கடைசிப் படத்தைக் கீழே வைத்ததும் வெந்நீரை மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

“ஒண்ணுமில்லைல்ல?” என்றார்.

“ஒண்ணுமில்ல.”

“எங்க ஆளுங்க என்னைத் திட்டினாங்க. இலைக்குப் பதிலா மணியை முதல்லயே எடுத்திருந்தா இந்த எட்டு மாசம் மிச்சம். அது என் தப்புதான்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்களையும் திட்டினேன், வீட்டுல” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெந்நீரைக் குடித்துவிட்டு மூடியைத் திருப்பிக்கொடுத்தாள்.

கருத்துரை முப்பத்தெட்டு பக்கம். கடைசி வரியை எழுதத்தான் ஒரு நாள் முழுக்க ஆயிற்று. முற்றிலும் பாதுகாப்பானது என்று எழுதும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. உலகத்தில் எந்த உணவைப் பற்றியும் அப்படி எழுத முடியாது. ‘வழக்கமான சோளத்தைக் காட்டிலும் கூடுதல் தீங்கு விளைவிக்கும் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதினாள். அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். இயக்குநர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதை அன்னிக்கே...” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வாசலில் இந்த முறை கைதட்டல் இல்லை. அட்டைகளில் அவள் படம் இருந்தது, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு. எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவன் கத்தினான். கண்ணாடி போட்ட பெண்மணியும் நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நடுவில் போட்ட விதைப்பையும் புழுவே தின்றுவிட, புது விதை கடைக்கு வந்தபோது தம்பி சோளத்தையே விட்டிருந்தான். ஒன்பது ஏக்கரையும் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டான் என்று கணவர் மூலம்தான் அவளுக்குத் தெரிந்தது. பெரிய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் காவல் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறானாம். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள். ஒரே தட்டை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்ததைக் கணவர் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைப்புமணி அடித்தது. தம்பி நின்றிருந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான். ஆள் இளைத்த மாதிரி இருந்தது.

“உள்ள வாடா.”

வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“நல்லா வந்திருக்குக்கா” என்றான்.

“எது?”

“புதுச் சோளம். என் நெலத்துலதான் போட்டிருக்காரு. நேத்து அந்தப் பக்கம் போனேன். குருத்துல ஒரு ஓட்டை இல்ல. ஒரே ஒரு தடவைதான் மருந்து அடிச்சாராம்.”

அவள் எதிரே உட்கார்ந்தாள். “அன்னிக்கு எனக்குத் தெரியாதுடா” என்றாள்.

“பெரும்பாலும் இருக்காதுன்னு சொன்ன.”

“பெரும்பாலும்னுதான் சொன்னேன்.”

“சரி விடு.” அவன் குரலில் சண்டை இல்லை. சண்டை போட்டு முடித்த குரல் அது; அவள் இல்லாத இடத்தில் அவளோடு தினமும் போட்டு முடித்திருக்கிறான். “நான் எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன். நீ விட்டிருந்தா எனக்கு நெலம் கையில இருந்திருக்கும். அது நெசம். அதை இல்லன்னு சொல்லாத.”

“சொல்லல.”

“போதும்.” சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். “கிடங்குல வேலைக்குச் சேர ஒப்பந்தம். திங்கக்கிழமை குடுக்கணும். படிச்சுப் பாரு.”

நாலு பக்கம். பொடி எழுத்து. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவன் காத்திருந்தான். சமையலறையில் கணவர் எதையோ தாளிக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

“பதினெட்டாவது வரி. குளிர் அறைக்குள்ள வேலை செய்யறப்போ உடம்புக்கு எது வந்தாலும் நிர்வாகம் பொறுப்பில்லன்னு போட்டிருக்கான். காவல் வேலைன்னுதானே சொன்னான்? குளிர் அறைக்குள்ள உனக்கென்ன வேலை?”

“தெரியும். பஸ்ல வரும்போது படிச்சேன்.”

“பின்ன ஏன் என்கிட்ட குடுத்த?”

“நீ அதைப் பிடிக்கிறியான்னு பாத்தேன்” என்றான். வாயோரத்தில் லேசாக ஏதோ அசைந்தது.

“கையெழுத்துப் போடாத. அது என்னன்னு முதல்ல எழுதிக் கேளு. நான் எழுதித் தரேன்.”

“கேட்டா பதில் சொல்ல மாட்டான்க்கா. வேற ஆளை எடுத்துப்பான். அஞ்சு பேர் வரிசையில நிக்கறாங்க.”

அவள் பேனாவைத் தேடி எடுத்தாள், எழுதிக்கொடுக்கத்தான். அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கி, தாளைத் தொடை மேல் வைத்து, நாலு பக்கத்திலும் நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டான். அவள் தடுக்கவில்லை.

“கம்பளிச் சட்டை ஏதாவது இருந்தா மாமாகிட்ட கேட்டு வாங்கித் தா” என்றான். “தடிமனா இருக்கணும்.”

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். “மச்சான், சாப்பிட்டுட்டுத்தான் போகணும். ரெண்டு பேருக்கு வெச்சது பத்தாதுன்னு உங்களுக்கும் சேர்த்தே வெச்சுட்டேன்.”

தம்பி அவளைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சரி மாமா” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தான். அவள் உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டில் மடித்து வைத்திருந்த கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எங்காவது நூல் விட்டிருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.